கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டு வலி: கைகளால் செய்யும் சிகிச்சையை நாடலாமா?

தளிர்நடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இது என் முதல் கர்ப்பம். இப்போது 27-ஆம் வாரம் நடக்கிறது. சில வாரங்களாகவே அடிவயிற்றுக்குக் கீழே, இரு தொடைகளும் சேருமிடத்தில் உள்ள எலும்பில் வலி இருக்கிறது. வலப்பக்கப் பிட்டத்தின் மேற்புறத்தில், முதுகெலும்பை ஒட்டிய குழியிலும் அதே போன்ற வலி. சமதரையில் மெதுவாக நடக்கும்போது பொறுத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் படுக்கையில் புரளும்போதும், மாடிப்படி ஏறும்போதும், நின்றபடியே ஒரு காலைத் தூக்கி உடை மாற்றும்போதும் சுரீரென்று குத்துகிறது. சில வேளைகளில் முன்புற எலும்பில் 'டக்' என்று ஓர் ஒலியும் கேட்கிறது. புரண்டால் வலிக்குமே என்று அஞ்சி இரவில் விழித்துக்கொண்டே கிடக்கிறேன்.

மகப்பேறு மருத்துவரிடம் கூறினேன். வயிற்றைப் பரிசோதித்து, சிறுநீர்ப் பரிசோதனையும் செய்து, குழந்தைக்கும் எனக்கும் வேறு கோளாறு எதுவும் இல்லை என்றும், இது கர்ப்பத்தில் பலருக்கும் வருவதுதான், பிரசவத்துக்குப் பின் சரியாகிவிடும் என்றும் சொன்னார். தேவைப்பட்டால் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். குழந்தை நலமாக இருக்கிறது என்று கேட்டதில் நிம்மதி. ஆயினும் இன்னும் மூன்று மாதங்களை இப்படியே கழிக்க வேண்டுமா என்பதுதான் என் கவலை.

உறவினர் ஒருவர், மூட்டுகளையும் தசைகளையும் கைகளால் அழுத்தியும் அசைத்தும் சிகிச்சை செய்பவரிடம் போகச் சொல்கிறார். இன்னொருவர், கர்ப்பிணியின் இடுப்பில் எவரும் கை வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். இரண்டில் எது சரி? இத்தகைய சிகிச்சையால் குழந்தைக்குத் தீங்கு நேருமா? நேராது என்றால் பிசியோதெரபி, ஆஸ்டியோபதி (தசைகளையும் மூட்டுகளையும் கைகளால் அழுத்தி அசைக்கும் முறை), கைரோபிராக்டிக் (முதன்மையாக முதுகெலும்பு மூட்டுகளைக் கைகளால் தள்ளிச் செய்யும் முறை) என்று பலவும் இருக்கும்போது யாரிடம் செல்வது? இந்த வலி இருப்பதால் சிசேரியன்தான் செய்வார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்களும் துறை சார்ந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இரு பிள்ளைகளின் தாய்

தங்கைக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் என் இரண்டாம் கர்ப்பத்தை அப்படியே சொல்வதுபோல் இருக்கிறது; அந்த 'டக்' ஒலி உட்பட. 'பிரசவமானால் சரியாகிவிடும்' என்ற ஆறுதலை நானும் கேட்டேன். அது பொய்யில்லை. ஆனால் இன்றிரவு எப்படிப் புரள்வது என்று கேட்பவருக்கு அது பதிலாகாது.

என் மகப்பேறு மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு, கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை செய்து பழகிய ஒரு பெண் பிசியோதெரபிஸ்டிடம் சென்றேன். முதல் நாளில் அவர் என் மீது கை வைத்த நேரத்தைவிடக் கேள்வி கேட்ட நேரமே அதிகம். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை கொடுத்து, பிட்டத்துத் தசைகளையும் உள்தொடைத் தசைகளையும் நிதானமாக அழுத்தித் தளர்த்தினார். முழங்கால்களுக்கு நடுவில் தம் கையை வைத்து, மெதுவாக நெருக்கச் சொல்லிச் சில விநாடிகள் பிடித்து விடச் சொன்னார். எலும்பை முறுக்கிச் சொடுக்கெடுப்பது போன்ற எதுவும் நடக்கவில்லை. அன்று மாலை நடை இலகுவாகவே இருந்தது. ஓரிரு நாளில் வலி திரும்பியது. ஆனால் அந்த இலகுவான இடைவெளியில்தான் அவர் கற்றுத்தந்த பயிற்சிகளைச் செய்ய முடிந்தது. எனக்கு நிலைத்த பலன் அந்தப் பயிற்சிகளிலிருந்தும், படுக்கையிலிருந்து எழுவதையும் படியேறுவதையும் மாற்றிக்கொண்டதிலிருந்தும்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

இயன்முறைஞர்

வணக்கம் தளிர்நடை. மகளிர் நலப் பிரிவில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எழுதுகிறேன். நேரில் பரிசோதிக்காமல் இன்னதுதான் என்று முடிவாகச் சொல்ல இயலாது. எனினும் நீங்கள் சொல்லும் இடங்களும், வலியைத் தூண்டும் செயல்களும், கர்ப்ப கால இடுப்பு வளைய வலிக்கு மிகவும் பொருந்துகின்றன. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது.

இடுப்பு வளையத்தில் மூன்று மூட்டுகள் இருக்கின்றன. முன்புறத்தில் இடது, வலது எலும்புகளை இணைக்கும் சிம்ஃபைசிஸ் பியூபிஸ் ஒன்று. பின்புறத்தில் முதுகெலும்பின் அடிப்பகுதியான சேக்ரத்தையும் இடுப்பெலும்புகளையும் இணைக்கும் சேக்ரோ இலியாக் மூட்டுகள் இரண்டு. சேக்ரம், வளைவு வாயிலின் உச்சியில் செருகிய ஆப்புக்கல்லைப் போல இரு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே இறுகி அமர்ந்திருக்கிறது. அந்த வடிவப் பொருத்தம் ஒரு பாதி. சுற்றியுள்ள தசைகளும் தசைநார்களும் தரும் இறுக்கம் மறுபாதி. இரண்டும் சேர்ந்துதான் மேலுடலின் எடையைக் கால்களுக்கு இறக்குகின்றன. கர்ப்பத்தில் ரிலாக்சின் உள்ளிட்ட ஹார்மோன்களால் தசைநார்கள் நெகிழ்கின்றன. முன்புற மூட்டின் இடைவெளி வழக்கமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். கர்ப்பத்தில் அது மேலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் விரிவது இயல்பு. குழந்தை வெளிவருவதற்கு உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது, நோயன்று.

எல்லாப் பழியையும் ஹார்மோன் மீது போடுவதும் சரியில்லை. ரிலாக்சின் அளவு கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில்தான் உச்சத்தைத் தொடுகிறது. வலியோ பெரும்பாலும் அதற்குப் பிறகு வருகிறது. இரத்தத்தில் அதன் அளவு கூடியவர்களுக்கு வலியும் கூடுதலாக இருக்கும் என்ற தொடர்பும் ஆய்வுகளில் சீராகக் காணப்படவில்லை. கூடிய எடை, முன்னோக்கி நகரும் உடலின் ஈர்ப்பு மையம், நீளும் வயிற்றுத் தசைகள், முன்பே இருந்த முதுகுவலி, உறக்கமின்மை, அச்சம் ஆகிய பலவும் இதில் சேர்கின்றன. இவற்றில் பலவற்றை மாற்ற முடியும் என்பதால்தான் சிகிச்சைக்கே இடமிருக்கிறது.

உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். சிக்கலற்ற கர்ப்பத்தில், பயிற்சி பெற்றவர் மென்மையாகச் செய்யும் சிகிச்சை பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. இடுப்பெலும்பின் பின்புறத்திலும் பிட்டத்திலும் தொடையிலும் கொடுக்கப்படும் அளவான அழுத்தம், கருப்பைக்குள் பனிக்குட நீரில் மிதக்கும் குழந்தையைத் தாக்குவதில்லை. 'யாரும் கை வைக்கவே கூடாது' என்பது மிகையான அச்சம். ஆனால் 'யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம்' என்பது அதைவிட ஆபத்தான துணிச்சல். இரத்தப்போக்கு, பனிக்குட நீர்க் கசிவு, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருத்தல், குறைப்பிரசவ அறிகுறிகள், உயர் இரத்த அழுத்தம், காலில் இரத்தக் கட்டி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், மகப்பேறு மருத்துவரின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

நல்ல சிகிச்சையாளரை எப்படி அறிவது என்றால், தொடுவதற்கு முன் அவர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். எத்தனையாவது வாரம், நஞ்சுக்கொடி எங்கே அமைந்திருக்கிறது, இரத்த அழுத்தம் எப்படி, இரத்தக் கட்டி வந்ததுண்டா, காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ உண்டா, கால் மரத்துப்போகிறதா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். அதன்பின் எளிய சோதனைகள் சில செய்வார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்த்தச் சொல்வது அவற்றுள் ஒன்று. கால் கனமாகத் தோன்றினால், இடுப்பின் இரு பக்கங்களையும் தம் கைகளால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு மீண்டும் உயர்த்தச் சொல்வார். அப்போது இலகுவானால், தசைகளின் பிடிமானத்தை வளர்க்கும் பயிற்சியும் இடுப்புப் பட்டையும் உங்களுக்குப் பயன்படும் என்பதற்கு அது ஒரு நல்ல குறிப்பு. இந்தச் சோதனைக்குச் சில நொடிகள் போதும். அதற்குமேல் மல்லாந்து படுக்க வைக்கத் தேவையில்லை. 20 வாரங்களைக் கடந்த கர்ப்பப்பை, மல்லாந்து படுக்கும்போது இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய சிரையை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கக்கூடும். ஆகவே சிகிச்சை முழுவதும் ஒருக்களித்தோ, உட்கார்ந்தோ, முன்புறம் சாய்ந்து மண்டியிட்டோதான் நடைபெற வேண்டும். குப்புறப் படுக்க வைப்பதும் மல்லாத்தி நெடுநேரம் வைத்திருப்பதும் கர்ப்பிணிகளைக் கையாண்டு பழகாதவரின் அடையாளம்.

கைகளால் என்ன செய்வார்கள் என்பதை மேலே ஒரு சகோதரி அழகாக எழுதிவிட்டார். தசைகளைத் தளர்த்துவது, சேக்ரத்தின் மீது கைவைத்து மெல்ல ஆட்டி அசைப்பது, நோயாளியின் தசைவிசையைக் கொண்டே எதிர்ப்புக் கொடுத்து மூட்டின் இறுக்கத்தைக் குறைப்பது ஆகியவை வழக்கமானவை. திடீரென்று வேகமாகத் தள்ளி ஒலி எழுப்பும் முறையை நான் கர்ப்பிணிகளிடம் செய்வதில்லை. ஏற்கெனவே நெகிழ்ந்திருக்கும் மூட்டுக்கு அது தேவைப்படுவதுமில்லை. அடிவயிற்றின் மேல் ஆழமாக அழுத்துவதும் கூடாது. கெண்டைக்காலை அழுத்தமாகப் பிசைவதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பத்தில் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம் என்பதே காரணம். கருவிகளைப் பொறுத்தவரை, ஷார்ட்வேவ் டயதெர்மி எனப்படும் ஆழ்வெப்பச் சிகிச்சை கர்ப்பிணிகளுக்கு விலக்கப்பட்டது. இடுப்பிலும் வயிற்றிலும் சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்ட் கொடுப்பதும் கூடாது. (குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் வேறு, இது வேறு, அந்த ஸ்கேனை எண்ணி அஞ்ச வேண்டாம்.)

எந்தத் துறையினரிடம் செல்வது என்பதில் எனக்குச் சார்பு இருக்கும் என்று நீங்கள் எண்ணலாம், இருக்கத்தான் செய்யும். என்றாலும் பெயர்ப்பலகையைவிட, அவர் சட்டப்படி பதிவுபெற்றவரா, கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை செய்வதில் தனிப்பயிற்சி உண்டா, உங்கள் மகப்பேறு மருத்துவருடன் தொடர்பு கொள்ள அணியமாக இருக்கிறாரா என்ற மூன்றும்தான் முக்கியம். ஒவ்வொரு தொடுதலுக்கும் முன் விளக்கம் சொல்லி உங்கள் சம்மதம் பெற வேண்டும். துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ள நீங்கள் விரும்பினால் அவர் மறுக்கக் கூடாது. 'நிறுத்துங்கள்' என்று நீங்கள் சொன்ன அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

சான்றுதேடி

முந்தைய பதிலோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆயினும் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டு செல்வது நல்லது என்பதற்காக எழுதுகிறேன்.

கர்ப்ப கால முதுகுவலி, இடுப்புவலி பற்றிய சிகிச்சை ஆய்வுகளை, மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் தொகுத்து ஆராய்ந்தது. 34 ஆய்வுகள், 5,121 பெண்கள். உடற்பயிற்சி முதுகுவலியைக் குறைக்கக்கூடும் என்பதற்கும், அக்குபங்சரும் கைவழிச் சிகிச்சைகளும் சிலருக்கு உதவக்கூடும் என்பதற்கும் சான்று இருந்தது; ஆனால் அந்தச் சான்றின் தரம் பெரும்பாலும் குறைவாகவோ நடுத்தரமாகவோதான் மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்டியோபதி பற்றி 400 கர்ப்பிணிகளைக் கொண்ட ஆய்வொன்று வெளியானது. ஒரு குழுவுக்கு உண்மையான சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு இயக்கப்படாத அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டு போலிச் சிகிச்சை, மூன்றாம் குழுவுக்கு வழக்கமான மகப்பேறு கவனிப்பு மட்டும். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஆனால் உண்மைச் சிகிச்சைக்கும் போலிச் சிகிச்சைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இதை வைத்துக் 'கைவழிச் சிகிச்சை வெறும் மாயை' என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. ஒருவர் பரிவோடு நேரம் ஒதுக்கி, வலிக்கும் இடத்தைத் தொட்டுக் கவனிக்கும்போது உடல் தளர்கிறது, அச்சம் குறைகிறது, வலியும் குறைகிறது. அது உண்மையான பலன்தான். அந்தப் பலனுக்குக் காரணம் 'விலகிய எலும்பைத் திரும்ப இடத்தில் வைத்தது' என்ற விளக்கத்தைத்தான் நான் ஏற்கவில்லை. சேக்ரோ இலியாக் மூட்டு ஓரிரு மில்லிமீட்டரோ சில பாகைகளோ மட்டும் அசையக்கூடியது. தொட்டுப் பார்த்தே அது விலகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும் என்பதற்கும் நம்பகமான சான்றில்லை. 'உங்கள் இடுப்பு கோணிவிட்டது, நான் மாதந்தோறும் சரிசெய்ய வேண்டும்' என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் உடல் உடையக்கூடிய பொருள் என்ற எண்ணத்தை விதைத்துவிட்டால், நீங்கள் அசையவே அஞ்சுவீர்கள். அசையாதிருந்தால் தசைகள் மேலும் தளர்ந்து வலி கூடும்.

மூன்று நான்கு அமர்வுகளுக்குள் நடையிலோ உறக்கத்திலோ ஒரு மாற்றமும் தெரியாவிட்டால், அதே சிகிச்சையை நீட்டிப்பதில் பொருளில்லை என்பது என் கருத்து. அக்குபங்சரைப் பற்றி 2005-இல் 386 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், வழக்கமான சிகிச்சையோடு அதைச் சேர்த்தபோது இடுப்பு வளைய வலி நன்கு குறைந்தது. இடுப்பை நிலைப்படுத்தும் பயிற்சிகளைச் சேர்த்தவர்களுக்கும் குறைந்தது. ஆகவே மாற்று வழிகள் இருக்கின்றன.

தளிர்நடை

இவ்வளவு விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. மகப்பேறு மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டிருக்கிறேன். அதற்கிடையில் இன்னும் சில ஐயங்கள். இடுப்புப் பட்டையை எந்த இடத்தில், எவ்வளவு நேரம் அணிய வேண்டும்? சிகிச்சையாளரைப் பார்க்க நாள் கிடைக்கும் வரை வீட்டில் நானே செய்யக்கூடியவை எவை? வலி தாங்காதபோது, வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபன் மாத்திரையோ வலிநிவாரணக் களிம்போ பயன்படுத்தலாமா? இன்னொன்று: காலையில் எழும்போது இரு கைகளிலும் கட்டைவிரல் முதல் மூன்று விரல்கள் மரத்துப்போய் மணிக்கட்டும் வலிக்கிறது. இதுவும் இடுப்பு வலியோடு தொடர்புடையதா?

இயன்முறைஞர்

மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றை நீங்களாக எடுக்க வேண்டாம். 20-ஆம் வாரத்துக்குப் பிறகு இவ்வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்திருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில், குழந்தையின் இதயத்தருகே பிறப்புவரை திறந்திருக்க வேண்டிய இரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. களிம்பாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே மருந்தாக இருக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள். பாராசிட்டமாலை அவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்பவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: எடை முழுவதும் ஒரு காலில் விழுவதையும், கால்கள் ஒன்றைவிட்டொன்று அகல்வதையும் குறைப்பது. உடை மாற்றுவதையும் காலணி அணிவதையும் உட்கார்ந்து செய்யுங்கள். படியில், வலியில்லாத காலை முதலில் ஏற்றி மற்றதை அதே படியில் சேருங்கள். இறங்கும்போது வலியுள்ள கால் முதலில் இறங்கட்டும். காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் அமர்ந்து, இரு முழங்கால்களையும் சேர்த்து ஒரே அசைவில் உள்ளே திருப்புங்கள். படுக்கையில் புரள்வதற்கு முழங்கால்களை மடக்கிச் சேர்த்து, வேண்டுமானால் நடுவில் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை வெளியே விடும் நொடியில் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்புமாறு உருளுங்கள். வழுக்கும் துணியாலான இரவு உடை இதற்குப் பெரிதும் உதவும். சிறிய பொருளாகத் தோன்றினாலும், உறக்கத்தை மீட்டுத் தருவதில் எந்தச் சிகிச்சைக்கும் இது குறைந்ததன்று. தூங்கும்போது ஒருக்களித்து, முழங்கால் முதல் கணுக்கால் வரை தாங்கும் நீண்ட தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கி இடுப்பைத் திருகும். 28-ஆம் வாரத்திலிருந்து ஒருக்களித்தே உறங்கச் செல்ல வேண்டும் என்பது குழந்தையின் பாதுகாப்புக்காகவும் சொல்லப்படும் அறிவுரை என்பதால், இப்போதே பழகிவிடுவது நல்லது.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, மூச்சை விடும்போது கீழ்வயிற்றை மெல்ல உள்ளே இழுத்துச் சில விநாடிகள் பிடித்து விடுவது. இடுப்புத்தளத் தசைகளை, சிறுநீரை அடக்குவதுபோல் சுருக்கித் தளர்த்துவது. உட்கார்ந்த நிலையில் முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டை வைத்து மென்மையாக நெருக்குவது. நீரில் நடப்பது நல்லது. நீந்துவதாயின் தவளைபோல் கால்களை அகற்றி உதைக்கும் முறை முன்புற மூட்டுக்கு ஆகாது. செய்யும்போது மட்டுமல்லாமல் அன்றிரவும் மறுநாளும் வலி கூடுகிறதா என்று பார்த்து அளவை முடிவுசெய்யுங்கள்.

பட்டையைப் பலரும் வயிற்றைத் தூக்கிப் பிடிப்பதற்கான துணி என்று எண்ணி மிக மேலே கட்டிவிடுகிறார்கள். இடுப்பெலும்பின் முன்புற முனைகளுக்குச் சற்றுக் கீழே, தொடையெலும்பு வெளியே புடைத்துத் தெரியும் மட்டத்துக்கு மேலாக, வயிற்றுக்கு அடியில் வர வேண்டும். இரண்டு விரல்கள் நுழையும் அளவு இறுக்கம் போதும். நடக்கும்போதும் நிற்கும்போதும் அணிந்து, உட்கார்ந்ததும் கழற்றுங்கள். அணிந்தால் வலி கூடுமானால் அது உங்களுக்கு உரியதன்று.

விரல்கள் மரத்துப்போவது தனிச் செய்தி. கர்ப்பத்தில் உடலில் நீர் தேங்குவதால், மணிக்கட்டின் குறுகிய பாதையில் செல்லும் நரம்பு அழுத்தப்பட்டு, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போவது வழக்கம். கார்பல் டனல் என்று சொல்வார்கள். மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக வைக்கும் கைக்கவசத்தை இரவில் அணிந்தாலே பெரும்பாலோருக்குத் தணியும். விரல்களின் பிடி தளர்ந்து பொருள்கள் நழுவினால் காத்திருக்காமல் காட்டுங்கள். கைகளோடு முகமும் திடீரென வீங்கினாலோ, கடுந்தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தாலோ, அது மணிக்கட்டுச் சிக்கலன்று. உடனே இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். விரல் மூட்டுகள் சிவந்து வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தால் மூட்டுவாத மருத்துவரிடம் காட்டுவது முறை.

பேறுகாலத் துணை

மருத்துவச்சியாகப் பணிபுரிகிறேன். சிசேரியன் பற்றிய கேள்விக்கு இன்னும் எவரும் பதில் எழுதவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன்.

இடுப்பு வளைய வலி மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. இவ்வலி உள்ளவர்களில் பெரும்பாலோர் இயல்பாகவே பிரசவிக்கிறார்கள். ஆனால் முன்னேற்பாடு வேண்டும். 36-ஆம் வாரத்தை ஒட்டி, உங்கள் சிகிச்சையாளரின் உதவியுடன், வலியில்லாமல் முழங்கால்களை எவ்வளவு தூரம் அகற்ற முடிகிறது என்று படுத்த நிலையிலும் அமர்ந்த நிலையிலும் அளந்து, அந்த அளவை மகப்பேறு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பிரசவ அறையில், முடிந்தவரை அந்த எல்லையைக் கடக்காமல் பார்த்துக்கொள்ள அது உதவும். முதுகுத்தண்டில் மரப்பு மருந்து செலுத்தப்பட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வலி தெரியாததால் கால்கள் எல்லை மீறி அகற்றப்பட்டதை அவர்களாலேயே உணர முடியாது. ஒருக்களித்துப் படுப்பதும், கைகால்களை ஊன்றி மண்டியிடுவதும் ஏற்ற நிலைகள். கால்களை உயர்த்திக் கட்டும் நிலை தவிர்க்க முடியாததாகிவிட்டால், இரு கால்களையும் ஒரே நேரத்தில் தூக்கி வைக்கவும், வேலை முடிந்தவுடன் அவ்வாறே ஒன்றாக இறக்கவும் சொல்லுங்கள். உடன் வருபவரிடம் இவற்றை முன்பே கூறிவையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் நிலையில் இருக்க மாட்டீர்கள்.

சிகிச்சைக்கான நாள் கிடைக்கும் வரை கவனிக்க வேண்டியவையும் உண்டு. சீரான இடைவெளியில் வந்துபோகும் வலி, இரத்தப்போக்கு, நீர்க் கசிவு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மூட்டு வலி என்று எண்ணிப் படுத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தாலும், தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலும், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலும் அல்லது வராமல் தடைபட்டாலும், காலை ஊன்றவே முடியாமல் போனாலும் அவ்வாறே. இவை எவற்றையும் கைவழிச் சிகிச்சையால் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

பிரசவத்துக்குப் பின் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணிகிறது. சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். குழந்தையைத் தூக்குவதிலும் பாலூட்ட அமர்வதிலும் இதே கவனம் தேவைப்படும் என்பதால், பிரசவம் ஆனதும் பிசியோதெரபியை நிறுத்திவிடாமல், ஆறாவது வாரப் பரிசோதனையின்போது வலி எஞ்சியிருக்கிறதா என்று மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தளிர்நடை

கடிதம் கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் வரச் சொல்லி நாள் கொடுத்திருக்கிறார்கள். தொலைபேசியில் பேசும்போதே நஞ்சுக்கொடியின் அமைவிடம் பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் அவர்களாகவே கேட்டார்கள் என்பது நம்பிக்கை தந்தது. பட்டையைச் சரியான மட்டத்துக்கு இறக்கிக் கட்டியதில் நடப்பது சற்று எளிதாகியிருக்கிறது. படியேறுவதில் இன்னும் மாற்றமில்லை. முதல் அமர்வில் என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு இங்கேயே எழுதுகிறேன்.